அறுபதிலும் மனம் வளரும்!

உடம்பின் வளர்ச்சி இருபது, இருபத்தைந்து வயதோடு நின்றுவிடுகிறது. மனத்தின் வளர்ச்சி எந்த வயதில் நிற்கிறது?

இந்தக் கேள்விக்கு நெடுநாள் வரை மனோதத்துவ நிபுணர்கள் சொல்லி வந்த பதில் சற்றுப் பயமுறுத்துவதாகவே இருந்தது. ஆறு வயதுக்குள் குழந்தையின் மனத்தில் எது பதிகிறதோ, அதுவே சாகும் வரை அவனை ஆட்டிவைக்கிறது என்று வியன்னாவைச் சேர்ந்த சிக்மண்ட் பிராய்டின் சீடர்கள் பலர் கருதினார்கள். குழந்தைகளின் அறிவு எப்படிப் படிப்படியாக விரிகிறது என்று ஆராய்ந்த சுவிட்ஸர்லாந்து தேசத்து ழான் பியாஜேயும் பதினைந்து வயதைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை. ஆக, கல்யாணம் செய்துகொண்டு, குடும்பம் நடத்தி, பேரன் பேத்தி எடுத்து, தள்ளாத வயதில் திண்ணையில் சாய்ந்திருப்பவரின் மனத்தைப் பற்றிச் சொல்ல சாஸ்திரத்தில் ஒன்றுமே இல்லாமல் இருந்தது.

அந்தக் குறையைத் தீர்த்தவர் சர்வகலாசாலைப் பட்டம் ஒன்றுகூடப் பெறாத ஒரு மனிதர். அவர் பெயர் எரிக் எரிக்ஸன்.

தந்தை யார்?

1902-ஆம் ஆண்டு ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரருகே அவர் பிறந்தார். தாயார் டென்மார்க் தேசத்து யூதப் பெண்மணி. தந்தை யார் என்பது எரிக்குக்குக் கடைசி வரை தெரியாமலே போயிற்று. குழந்தைக்கு மூன்று வயதானபோது தாயார் ஹோம்பர்கர் என்ற குழந்தை வைத்தியரை மணந்தார். அந்த வைத்தியரே உன் அப்பா என்று சொல்லிப் பையனை வளர்த்தார்கள்.

பையனோ நெட்டையாக, நீலக் கண்களும் பொன்னிற முடியுமாக வளர்ந்தான். யூதர்களின் ஆலயத்துக்குப் போனால், 'இவன் நம்மவன் அல்ல' என்று அங்கிருந்த பிள்ளைகள் கேலி செய்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனால், 'இவன் யூதன்' என்று ஒதுக்கினார்கள். தான் யார் என்ற கேள்வியைப் பிற்காலத்தில் உலகப் பிரசித்தமாக்கிய மனிதருக்கு, அந்தக் கேள்வி புத்தகத்திலிருந்து வந்ததல்ல.

படிப்பு முடிந்ததும் சித்திரக்காரனாகப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். இத்தாலி வரை அலைந்தார். இருபத்தைந்து வயது வரை உருப்படியாக ஒரு வேலை இல்லை. எந்தப் பெற்றோரும் தலையில் அடித்துக்கொள்ளும் நிலைமைதான். 1927-இல் பள்ளித் தோழர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. வியன்னாவில் ஒரு சிறிய பள்ளிக்கூடம். அங்கே வாத்தியார் வேலை. அந்தப் பள்ளியோடு தொடர்பு கொண்டிருந்தவர் பிராய்டின் புதல்வி அன்னா. அவரிடமே எரிக் மனோதத்துவப் பயிற்சியும் பெற்றார். அங்கேதான் கனடா நாட்டில் பிறந்த ஜோன் என்ற பெண்ணைச் சந்தித்து 1930-இல் மணந்தார்.

1933-இல் ஹிட்லர் ஜெர்மனியில் பதவிக்கு வந்தான். குடும்பம் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. 1939-இல் அமெரிக்கப் பிரஜை ஆனபோது, வளர்ப்புத் தந்தையின் பெயரை நடுவில் தள்ளிவிட்டு, எரிக்ஸன் என்று புதுப் பெயர் சூட்டிக்கொண்டார். 'எரிக்கின் மகன்' என்பது அதன் பொருள். தமக்குத் தாமே தகப்பன் ஆனார் என்று சொல்லலாம்.

ரயிலடிக்குப் போகும் வழியில்

அமெரிக்காவில் அவர் பலவிதமான மனிதர்களைப் பார்த்தார். தெற்கு டகோட்டாவில் எருமைக் கூட்டங்களை இழந்து வறுமையில் வாடிய ஸூ இன மக்களிடம் போய், அவர்கள் குழந்தை வளர்க்கும் முறையைக் கவனித்தார். இரண்டாவது உலக யுத்தத்தின்போது, போர்முனையிலிருந்து திரும்பி, 'நான் யார்' என்பதே குழம்பிப்போய்த் தவித்த வீரர்களுக்குச் சிகிச்சை செய்தார். இந்தத் தவிப்புக்கு அவரும் அவருடைய சகாக்களும் இட்ட பெயரே 'அடையாள நெருக்கடி'. இன்று கல்லூரி மாணவர் முதல் மந்திரி வரை எல்லோரும் எடுத்தாளும் சொல் அது.

பிறகு மனித வாழ்க்கை முழுவதையும் படிகளாகப் பிரித்து ஓர் அட்டவணை போட்டார்கள் கணவனும் மனைவியும். இதில் ஒரு வேடிக்கை நடந்தது. அந்த அட்டவணையைப் பற்றி லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பேசுவதற்காக எரிக்ஸன் புறப்பட்டார். ரயிலடிக்குப் போகும் வழியில் ஷேக்ஸ்பியர் வர்ணித்த ஏழு பருவங்களைப் பற்றிப் பேச்சு வந்தது. அட்டவணையிலும் ஏழு படிகள்தான். திடீரென்று ஜோனுக்குப் பொறி தட்டியது. வாலிபத்தில் துணை தேடும் படிக்கு அடுத்தபடியாக நேரே முதுமை வந்துவிடுகிறது! நடுவயதில் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் தங்களுக்கு அதில் இடமே இல்லை! இருவரும் சேர்ந்து ஒரு படியைப் புகுத்தி எட்டாக்கினார்கள். 1950-இல் வெளியான 'குழந்தைப் பருவமும் சமுதாயமும்' என்ற நூலில் அந்த எட்டும் இடம் பெற்றன. அட்டையில் எரிக்ஸன் பெயர் மட்டும் இருக்கிறது.

அந்த எட்டுப் படிகளும் எட்டு இழுபறிகள். பசித்து அழுதால் பால் வருமா, வராதா என்பதில் கைக்குழந்தையின் மனத்தில் நம்பிக்கையும் அவநம்பிக்கையும் மல்லுக்கு நிற்கின்றன. 'நானே செய்வேன்' என்று அடம் பிடிக்கும் இரண்டு, மூன்று வயதில் சுயேச்சைக்கும் வெட்கத்துக்கும் போட்டி. அடுத்து விளையாட்டுப் பருவத்தில் தானாக ஒன்றைத் தொடங்கும் துணிச்சலும், அதனால் வரும் குற்ற உணர்ச்சியும். பள்ளிக்கூட வயதில் உழைத்துத் தேறும் திறமை; தேறாவிட்டால் தாழ்வு மனப்பான்மை.

பன்னிரண்டு வயதுக்குமேல் வருவது 'நான் யார்' என்ற பெரிய கேள்வி. இங்கேதான் எரிக்ஸன் பெற்றோர்களுக்கு ஒரு பேருதவி செய்தார். வாலிபன் சில காலம் எதிலும் பிடிப்பில்லாமல் திரிவது எப்போதும் சோம்பேறித்தனம் அல்ல. அது அவனுக்குச் சமூகம் தர வேண்டிய தவணை என்றார். கடன்காரனுக்குத் தவணை கொடுப்பது போலத்தான். இத்தாலி வரை அலைந்த வருஷங்கள் அவர் நினைவில் இருந்திருக்க வேண்டும்.

தான் யார் என்று ஓரளவு தெளிந்தவனால்தான் இன்னொருவரை முழு மனத்தோடு நேசிக்க முடியும். இது ஆறாவது படி. ஏழாவது, ரயிலடி வழியில் பிறந்த படி. அடுத்த தலைமுறையைப் பேணும் அக்கறை அது. சொந்தப் பிள்ளையாக இருக்கலாம், மாணவனாக இருக்கலாம், நட்டு வைத்த தோப்பாகக்கூட இருக்கலாம். அந்த அக்கறை இல்லாதவன் தன்னையே குழந்தையாகப் பாவித்துச் சீராட்டிக்கொண்டு தேங்கிப் போகிறான். எட்டாவது, வாழ்ந்த வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து, 'சரி, இதுதான் என் வாழ்க்கை' என்று ஏற்றுக்கொள்ளும் நிறைவு. அல்லது, இனித் திருத்திக்கொள்ள நாளில்லையே என்ற ஏக்கம்.

ஆமதாபாத் யாத்திரை

1962-இல் மனித வாழ்க்கைப் பருவங்களைப் பற்றிய ஒரு கருத்தரங்கை நடத்த எரிக்ஸன் ஆமதாபாத்துக்கு வந்தார். பிரம்மசரியம், கிருகஸ்தம், வானப்பிரஸ்தம், சந்நியாசம் என்று வாழ்க்கையை வகுத்துச் சொன்ன நாட்டில் தம் படிகளை ஒப்பிட்டுப் பார்க்க அவருக்கு ஆவல். அவருக்கு உபசாரம் செய்த குடும்பத்தின் பெரியவர் மில் முதலாளி அம்பாலால் சாராபாய்.

1918-இல் ஆமதாபாத் மில் தொழிலாளர்கள் போராடியபோது எதிர்த் தரப்பில் நின்றவர் இதே அம்பாலால். தொழிலாளர் தரப்பில் நின்றவர் அவருடைய சொந்தச் சகோதரி அனசூயா. அவர்களுக்கு வழிகாட்டியவர் காந்திஜி. பிளேக் நோய்க் காலத்தில் கொடுத்த போனஸை முதலாளிகள் நிறுத்தினார்கள். 35 சதவிகிதம் உயர்வு வேண்டும் என்று தொழிலாளர் கேட்டனர். 20-க்குமேல் முடியாது என்றனர் முதலாளிகள். சபர்மதிக் கரையில் ஒரு கருவேல மரத்தடியில் தினமும் கூட்டம். நாளாக ஆகக் கூட்டம் சோர்ந்தது. காந்திஜிக்கென்ன, காரில் வருகிறார், சாப்பிடுகிறார், பட்டினி நமக்குத்தான் என்று முணுமுணுப்பு எழுந்தது. மார்ச் 15-ஆம் தேதி காந்திஜி உண்ணாவிரதம் தொடங்கினார். மூன்று நாளில் சமரசம் ஏற்பட்டது. முடிவில் மத்தியஸ்தர் 35 சதவிகிதமே கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தார்.

காந்திஜிக்கு அப்போது வயது 48. தம் சுயசரிதையில் சில பக்கங்களோடு அவர் முடித்துவிட்ட இந்த நிகழ்ச்சியைச் சுற்றி எரிக்ஸன் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். 1969-இல் வெளிவந்த 'காந்தியின் சத்தியம்' அது. மறு ஆண்டு புலிட்ஸர் பரிசு பெற்றது. நடுவயதில் ஒரு மனிதர் ஒரு தேசத்துக்கே தகப்பனாக எப்படி வளர்ந்தார் என்பதுதான் அதன் கதை. ஏழாவது படிக்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடைக்குமா?

ஆனால் புத்தகத்தின் நடுவில் எரிக்ஸன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, காலமாகிவிட்ட மகாத்மாவுக்கு நேராகவே ஒரு கடிதம் எழுதுகிறார். கஸ்தூரிபாயை வீட்டைவிட்டு வெளியே தள்ளப் போனது, டால்ஸ்டாய் பண்ணையில் பையன்கள் செய்த குறும்புக்காகப் பெண் பிள்ளைகளின் கூந்தலைக் கத்தரித்தது இவற்றையெல்லாம் எடுத்துக்காட்டி, அஹிம்சை பேசியவர் தமக்கு நெருங்கியவர்களிடம் ஒருவித ஹிம்சை செய்தார் என்று குற்றம் சாட்டுகிறார். தைரியமான கடிதம், பெரும்பாலும் நியாயமான கடிதமும்கூட.

அந்தக் கடிதத்தை எழுதியவர் வீட்டிலும் ஒரு மறைவு இருந்தது. 1944-இல் எரிக்ஸன் தம்பதிக்கு ஒரு மகன் பிறந்தான். மூளை வளர்ச்சி குன்றிய 'டவுன்' குறையுள்ள குழந்தை. அந்தக் காலத்து வைத்தியர்கள் கூறிய யோசனைப்படி அவனைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டார்கள். தம்பி பிறந்தவுடன் இறந்துவிட்டான் என்று மற்றப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். 1999-இல் லாரன்ஸ் பிரீட்மன் என்ற சரித்திர ஆசிரியர் எழுதிய வாழ்க்கை வரலாறு இதை விரிவாக வெளியிட்டபோது வாசகர்கள் திடுக்கிட்டார்கள். தகப்பன் யார் என்பதை மறைத்து வளர்க்கப்பட்ட பிள்ளை, தானே தகப்பனானபோது பிள்ளையை மறைத்தார்! இதைக் கொண்டு எட்டுப் படிகளையும் குப்பையில் போடுவது சரியல்ல. நம்பிக்கை குழந்தைக்கு எவ்வளவு அவசியம் என்று அவர் எழுதியதெல்லாம் அடிபட்டவர் எழுதியதாகவே படுகிறது.

தத்துவத்துக்கும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஹார்வார்டில் அவரோடு பாடம் நடத்திய காரல் கில்லிகன் 1982-இல் ஒரு நூல் எழுதினார். முதலில் தனித்து நின்று தன்னை அறிவது, அதன் பிறகே அன்பு என்ற வரிசை ஆண்பிள்ளையின் வாழ்க்கையைப் பார்த்து எழுதியது. பெண்களுக்கு இரண்டும் பின்னிக்கொண்டே வளர்கின்றன என்றார். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த நம்மவர்களில் ஆண்களுக்கும் இது ஓரளவு பொருந்தும் போலிருக்கிறது.

1994-இல், 91-ஆவது வயதில் எரிக்ஸன் காலமானார். கடைசி நாட்களை முதியோர் பராமரிப்பு இல்லத்தில் கழித்தார். ஜோனுக்கும் தொண்ணூறு தாண்டியிருந்தது. பழைய அட்டவணையை எடுத்துப் பார்த்த அந்த அம்மாளுக்குத் திருப்தி ஏற்படவில்லை. முதுமையைப் பற்றி அதில் எழுதியபோது தாங்கள் முதுமையை அறியவில்லை என்று கண்டார். 1997-இல் வெளியான புதிய பதிப்பில் ஒன்பதாவது படி ஒன்றைச் சேர்த்தார். அதில் எல்லா ஜோடிகளும் தலைகீழ். எழுந்து நிற்கக் காலை நம்ப முடியாத வயதில், முதலில் வருவது அவநம்பிக்கை. நம்பிக்கை அதற்குப் பின்னால்தான். அந்தப் பதிப்பு வெளிவந்த ஆண்டிலேயே அவரும் காலமானார்.