சமையலறைத் தராசும் எங்கள் குட்டி விமானமும்



நாங்கள் நாலு பேர் மூன்று மாத டீக்காசை மிச்சம் பிடித்து ஒரு ரிமோட் விமானம் செய்தோம். கடலை பிடுங்கிய காட்டில் விட்டுப் பார்த்தோம். ஓடி எழும்பியதும் மூக்கைத் தூக்கியது, ஒரு நொடி அந்தரத்தில் நின்றது, தலைகுப்புற விழுந்தது. மூன்று மாத டீ மூன்று விநாடியில் போச்சு.

வீட்டில் சொன்னேன். என் அப்பா நாமக்கல் லாரி டிரைவர், ஐந்தாம் வகுப்போடு நின்றவர். "பின்னால பாரம் ஏறிப்போச்சுன்னா ஸ்டேரிங் லேசாயிரும் கண்ணு. எடை மேடையில முன்சக்கரத்த ஒருக்கா, பின்சக்கரத்த ஒருக்கா ஏத்திப் பாத்தா தெரிஞ்சு போகும். உன்ற ஏரோப்ளேனை எங்க எடை போட்டே?" என்றார். எங்குமே போடவில்லை. திருப்புத்திறன் படித்துப் பாஸ் செய்தவன் நான்!

சேலம் கடைவீதியில் சில நூறு ரூபாய்க்கு ஒரு சமையலறை டிஜிட்டல் தராசு வாங்கினோம். அதற்குள் இருப்பது லோடு செல் என்ற சிறு அலுமினியக் கட்டை. பாரம் ஏறினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதில் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜின் மின்தடை மாறும். நாம் படித்த வீட்ஸ்டன் சமனச்சுற்று அந்த மாற்றத்தை மின்னழுத்தமாக்கும். அதுவே திரையில் கிராமாக வருகிறது. திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களின் உந்துவிசையை அளப்பதும் லோடு செல்லை வைத்துத்தான்.

ஈர்ப்பு மையம் காண: தராசின் மேல் ஒரு பலகை வைத்து 'டேர்' பட்டனால் பூஜ்யமாக்குங்கள். அதில் முன்சக்கரங்களை நிறுத்தி, விமானம் மட்டமாக நிற்கும்படி வாலுக்குக் கட்டை கொடுத்து எடை பாருங்கள். பிறகு அதே மட்டத்தில் வால்சக்கரத்தை எடை போடுங்கள். எங்களுக்கு முன்னால் 680 கிராம், வாலில் 120, மொத்தம் 800. சக்கரங்களுக்கு இடையே 60 செ.மீ. ஆக, 120 × 60 ÷ 800 = 9 செ.மீ. எங்கள் முன்சக்கர அச்சு இறக்கையின் முன்விளிம்புக்கு நேர் கீழே இருக்கிறது. 20 செ.மீ. அகல இறக்கையில் 9 என்றால் 45 சதவீதம்! சாதாரண விமானத்துக்கு 25 முதல் 33 வரைதான் நல்லது. மையத்தை 3 செ.மீ. முன்னே கொண்டுவர, 150 கிராம் பேட்டரியை 3 × 800 ÷ 150 = 16 செ.மீ. முன்னே தள்ளினோம். மறுபடி எடை போட்டால் வாலில் 80 கிராம். கணக்கு சரி.

மோட்டாரின் இழுவை காண: 'எல்' வடிவச் சட்டம் ஒன்று. மூலையில் பேரிங். நிமிர்ந்த கையின் நுனியில் மோட்டார், படுத்த கையின் நுனி தராசின் மேல். இரண்டு கையும் ஒரே நீளமானால் தராசு காட்டும் கிராமே இழுவை. படுத்த கை பாதி நீளமானால் இரட்டிப்பாகக் காட்டும். எங்களுக்கு 560 கிராம் வந்தது. 800 கிராம் விமானத்துக்கு அது போதும்.

சில எச்சரிக்கைகள். விசிறிக் காற்று தராசில் படக்கூடாது. ஸ்டாண்டை மேசையோடு இறுகக் கட்டுங்கள். விசிறியின் பக்கவாட்டில் விரலோ முகமோ வேண்டாம். மலிவுத் தராசு கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும், சீக்கிரம் எழுதிக்கொள்ளுங்கள். நம்பிக்கை இல்லையா? பத்து 10 ரூபாய் நாணயம் வையுங்கள். ஒன்று 7.71 கிராம், எனவே 77 வர வேண்டும். ஓமலூர் பக்கம் காமலாபுரம் விமான நிலையம் இருக்கிறது, அந்தப் பகுதியில் பறக்க விடாதீர்கள்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் 'தக்ஷா' குழு 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அந்த உயரம் நமக்குத் தூரம்தான். ஆனால் அளந்து பார்ப்பதற்கு எந்தக் கல்லூரியும் தடையில்லை.

எங்கள் விமானம் இரண்டாம் முறை 40 விநாடி பறந்து அதே காட்டில் இறங்கியது. லோடு இறக்கிவிட்டு அப்பாவும் வந்திருந்தார். "இப்பத்தான் பாரம் சரியா ஏத்தியிருக்கே" என்றார். நான் வாங்கிய எந்த மார்க்குக்கும் அவர் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

தராசு என் ஹாஸ்டல் அறையில் இருக்கிறது. வேண்டியவர் வாங்கிப் போகலாம். திருப்பித் தரும்போது பேட்டரியோடு தரவும்!