மரமும் மூட்டும் – 7: சில்வர் ஓக் பலகைக்கு ஒரு பிஸ்கட் ஜாயின்டர்

நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலையில், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே சென்றால், காப்பிச் செடிகளுக்கு நிழலாகவும் மிளகுக்கொடி பற்றிப் படரும் துணையாகவும் நட்டு வளர்க்கப்பட்ட சில்வர் ஓக் மரங்கள் வழியெங்கும் கண்ணில் படுகின்றன. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் நேராகவும் விரைவாகவும் வளர்வதால் பலகைக்கு ஏற்றது. எனினும் இளம் பருவத்திலேயே அறுக்கப்படும் மரத்தில் அகலமான பலகை தேறுவதில்லை. வீட்டிலேயே சிறு பட்டறை வைத்து மேசையோ அலமாரியோ செய்ய முனைபவர், குறுகிய பலகைகளைப் பக்கவாட்டில் ஒட்டி அகலமாக்கும் வேலையையே முதலில் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அவ்வேலைக்குத் துணைநிற்கும் பிஸ்கட் ஜாயின்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதை இப்பகுதி ஆராய்கிறது.

பிஸ்கட் ஜாயின்டர் என்பது, 100 மி.மீ. விட்டமும் 4 மி.மீ. பருமனும் கொண்ட சிறு வட்ட பிளேடைப் பலகையின் விளிம்புக்குள் செலுத்திப் பிறை வடிவக் குழி வெட்டும் கைக்கருவியாகும். எதிரெதிர் விளிம்புகளில் இவ்வாறு வெட்டிய இரு குழிகளிலும் பசை தடவி, பிஸ்கட் எனப்படும் நீள்வட்ட மரத்துண்டைப் பாதி ஒரு பலகையிலும் பாதி மற்றதிலுமாகச் செருகி இறுக்கினால் இணைப்பு அமைகிறது. சுவிட்சர்லாந்தின் லீஸ்டால் நகரைச் சேர்ந்த ஹெர்மன் ஸ்டைனர் என்ற தச்சர் 1950களின் நடுவில் உருவாக்கிய இம்முறை, பின்னர் லாமெல்லோ என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. பீச் மரத்தை அழுத்திச் செய்யப்படும் பிஸ்கட் 0, 10, 20 என்ற மூன்று அளவுகளில் கிடைக்கிறது. 20ஆம் எண் ஏறத்தாழ 56 மி.மீ. நீளமும் 23 மி.மீ. அகலமும் உடையது. இணைப்பின் வழியே பிளந்துவிடாதபடி அதன் மரரேகை குறுக்குச் சாய்வாக அமைக்கப்பட்டிருக்கிறது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையிலுள்ள நீரை உறிஞ்சிப் பருத்துக் குழியைப் பற்றிக்கொள்வதே அதன் அடிப்படைத் தத்துவம் என்பதால், மைக்கா ஒட்டப் பயன்படும் நீரற்ற பசை இதற்கு உதவாது.

பிஸ்கட் இணைப்புக்குப் பெரும் பலம் தருகிறது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், இரு மரப்பலகைகளின் நீளவிளிம்புகளை ஒட்டும்போது பலத்தைத் தருவது பசையே. பிஸ்கட் செய்வது, கிளாம்ப் போட்டு இறுக்கும் வேளையில் ஒரு பலகை மேலும் மற்றது கீழுமாக வழுக்காமல் இரண்டையும் ஒரே மட்டத்தில் நிறுத்துவதாகும். குழி பிஸ்கட்டைவிடச் சில மி.மீ. நீளமாக வெட்டப்படுவதால் பலகையை நீளவாக்கில் சற்று நகர்த்திச் சரிசெய்யலாம். மேல்-கீழாக அத்தகைய சலுகை எதுவும் இல்லை. ஆகவே கருவியின் தரம் ஏறக்குறைய முழுவதும் ஃபென்ஸில், அதாவது பலகையின் முகத்தில் படிந்து குழியின் உயரத்தை நிர்ணயிக்கும் தடுப்புத் தகட்டில், அடங்கியிருக்கிறது.

இதைக் கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே பலகையிலிருந்து அறுத்த இரு துண்டுகளின் மேல்முகத்தில் பென்சிலால் குறியிட்டு, இரண்டிலும் குறியிட்ட முகத்தின் மீதே ஃபென்ஸ் படியுமாறு வைத்துக் குழி வெட்டி, பசையில்லாமல் பிஸ்கட்டைச் செருகி, சேர்ந்த கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்ட வேண்டும். ஒரு முனையில் சமமாகவும் மறுமுனையில் படியாகவும் நகம் தட்டினால் ஃபென்ஸ் பிளேடுக்கு இணையாக இல்லை என்று பொருள். பின்னர் அதே குழிக்குள் பிளேடை மேலும் இருமுறை செலுத்தி மீண்டும் பிஸ்கட்டைச் செருகும்போது அது தளர்ந்து ஆடினால், முன்பின் நகரும் அடித்தட்டில் தளர்வு உள்ளது. அத்தகைய கருவி எவ்வளவு மலிவானாலும் வாங்கத் தக்கதன்று.

இதற்கு மாறாக, பெட்டியின் மீது பெரிதாக அச்சிடப்படும் வாட் கணக்கு பெரிய பொருட்டில்லை. டிவால்ட் டிடபிள்யூ682 ஏறத்தாழ 600 வாட், மக்கீட்டா பிஜே7000 ஏறத்தாழ 700 வாட். சில்வர் ஓக் போன்ற நடுத்தர மரத்துக்கும் பலாவுக்கும் இரண்டுமே தாராளம். வெளிநாட்டு உறவினர் வாங்கி வரும் கருவியில் மட்டும் மின்னழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் விற்கப்படுவது 120 வோல்ட்டுக்கானது, இங்கோ 230 வோல்ட்.

கருவியைவிடக் கூடுதல் கவனம் கோருவது மலையின் பனிமூட்டமாகும். மரம் காற்றின் ஈரத்தோடு ஒத்துப்போகும் இயல்புடையது. காற்றின் ஈரப்பதம் 80 சதவீதமாக இருக்குமிடத்தில் மரத்தின் ஈரம் ஏறத்தாழ 16 சதவீதத்திலும், 50 சதவீதமாக இருக்குமிடத்தில் 9 சதவீதத்திலும் நிலைகொள்ளும். அழுத்திச் செய்யப்பட்ட பிஸ்கட்டுக்கு இந்த ஈரமே எதிரி. திறந்த பையில் மழைக்காலம் முழுதும் கிடந்த பிஸ்கட், பசையைத் தொடுவதற்கு முன்பே பருத்துக் குழிக்குள் நுழைய மறுக்கிறது. பழுது கருவியில் என்று நினைத்துக் குழியை அகலப்படுத்துவது வீண் வேலை. இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்திருந்தால் இச்சிக்கல் எழாது. ஏற்கெனவே பருத்ததை மிதமான சூட்டில் உலர்த்தினால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும்.

இன்னொரு கேடு உடனே தெரிவதில்லை. பசையின் ஈரத்தால் பிஸ்கட்டைச் சுற்றியுள்ள மரமும் சற்று உப்பியிருக்கும். மறுநாளே அதை இழைத்து மட்டமாக்கிவிட்டால், ஈரம் வெளியேறியபின் அவ்விடம் தாழ்ந்து, பாலிஷ் ஏறிய மேசைமீது பிஸ்கட்டின் வடிவிலேயே வரிசையாகப் பள்ளங்கள் தோன்றும். காற்று உலர்ந்த சமவெளியில் ஓரிரு நாள் பொறுத்தால் போதுமான இடத்தில், மூட்டம் சூழ்ந்த மாதங்களில் ஒரு வாரத்துக்கு மேலும் காத்திருப்பது நல்லது. மலையில் செய்து நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ அனுப்பும் மேசையின் பலகை கீழே போனபின் அகலத்தில் சுருங்கும் என்பதால், அதைக் கால்சட்டத்தோடு ஆணியடித்து இறுக்கிவிடாமல் நகர இடம் விட்டுப் பொருத்துவதும் இதனோடு சேர்ந்த கவனமே.

கருவியை வாங்கும்போது, அதன் தூள் வெளியேறும் வாயை வாக்குவம் கிளீனர் குழாயோடு இணைக்க முடியுமா என்று பார்ப்பதும் அவசியம். சில்வர் ஓக் சிலருக்குத் தோலில் அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் பொருளைக் கொண்ட மரம். கருவியோடு வரும் சிறு துணிப்பையோ விரைவில் அடைத்துக்கொள்கிறது.

எல்லாப் பட்டறைக்கும் இக்கருவி தேவை என்றும் கூற முடியாது. ரவுட்டர் வைத்திருப்பவர், 4 மி.மீ. குழி வெட்டும் பிட் ஒன்றை வாங்கி அதைக்கொண்டே பலகை விளிம்பில் பிஸ்கட் குழி எடுத்துக்கொள்ளலாம். வேகம் குறையும், பணம் மிஞ்சும். ஆனால் பாதுகாப்பு உறையின்றி ஆங்கிள் கிரைண்டரில் பல் பிளேடைப் பூட்டிக் குழி வெட்டுவது விரல்களைப் பணயம் வைக்கும் செயல். அதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது. மிகச் சிறிய 0 எண் பிஸ்கட்டுக்கே குழியின் வாய் 50 மி.மீ.க்கு மேல் நீள்வதால், அதைவிடக் குறுகிய சட்டங்களின் முனையில் குழி வெளியே தெரிந்துவிடும். நாற்காலிக் காலும் கைப்பிடியும் சேரும் இடத்திலோ இழுப்பும் அசைவும் மிகுதி. அங்கே ஒரு துண்டின் முனையை நாக்காகச் செதுக்கி மற்றதன் துளையில் ஆழச் செருகும் பழைய முறையே தாங்கும். ஆகவே நாற்காலியும் ஜன்னல் சட்டமும் மட்டுமே செய்யப் போகிறவர், இக்கருவிக்கு ஒதுக்கிய தொகையில் நல்ல உளிகளையும் நான்கைந்து கிளாம்ப்களையும் வாங்குவது பயனுள்ளது.