பெயர் போட்டால் போதுமா?

புத்தகக் காட்சி நெருங்கிவிட்டால் கவிதைத் தொகுப்புகள் வரிசைகட்டி வரும். காதல், அம்மா, மழை என்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஐம்பது அறுபது கவிஞர்களைத் திரட்டி அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். தங்கள் கவிதை அதில் இருப்பதே நூல் வெளிவந்த பிறகுதான் பல கவிஞர்களுக்குத் தெரிகிறது. கேட்டால், “உங்கள் பெயரைப் போட்டிருக்கிறோமே!” என்கிறார்கள். பெயரைப் போடுவது வேறு, அனுமதி பெறுவது வேறு.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதியவரே கவிதையின் முதல் உரிமையாளர். எங்கும் பதிவுசெய்திருக்க வேண்டியதில்லை. சிற்றிதழில் வந்திருந்தாலும் முகநூலில் எழுதியிருந்தாலும் உரிமை அவருடையதுதான். அவர் காலமான பின், அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு அந்த உரிமை வாரிசுகளிடமோ உரிமை பெற்றவர்களிடமோ இருக்கும். பாரதிதாசன் மறைந்தது 1964இல். அந்தக் கணக்கு 2024 டிசம்பரோடு முடிந்துவிட்டது. ஆத்மாநாம் மறைந்தது 1984இல் என்பதால் 2044 வரை கேட்டுத்தான் ஆக வேண்டும். பிரமிளுக்கு 2057 வரை.

பாரதியின் கதை தனி. 1949இல் சென்னை மாகாண அரசே உரிமையைப் பெற்று, பின்னர் எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதன் பிறகு தமிழக அரசு பலருடைய எழுத்துகளை நாட்டுடைமையாக்கியிருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள கவிஞர்களுக்கு அனுமதி தேவையில்லை. சங்கப் பாடல்களும் எல்லோருக்கும் பொது. ஆனால் பாடலோடு இன்றைய அறிஞர் ஒருவரின் உரையையும் எடுத்துப் போட்டால், அந்த உரைக்கு அவரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

மொழிபெயர்ப்பில் இரண்டு அனுமதி வேண்டும். நெரூடாவின் கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள்: அவர் 1973இல் மறைந்தார். இந்தியக் கணக்கில் 2033 வரை மூலத்துக்கு உரிமை உண்டு. தமிழாக்கியவரின் உரிமை அதற்கு மேல் தனியாக இருக்கிறது. இலங்கையில் எழுதியவர் காலமான பின் உரிமை நீடிக்கும் காலம் 70 ஆண்டு. நூலை யாழ்ப்பாணத்திலும் விற்பதாக இருந்தால் அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

“ஒரே ஒரு கவிதைதானே, மேற்கோளாகக் கொள்ளக்கூடாதா?” என்று கேட்பவர்கள் உண்டு. விமர்சனக் கட்டுரையில் தேவையான வரிகளை எடுத்துக்காட்டச் சட்டம் இடம் தருகிறது. முழுக் கவிதையைத் தொகுப்பில் சேர்ப்பது விமர்சனம் ஆகாது. கவிதை பத்து வரியே இருந்தாலும் அது ஒரு முழுப் படைப்பு.

அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் “போட்டுக்கோங்க” என்று சொன்னது நாளைக்கு உதவாது. எந்தக் கவிதை, அச்சு நூலுக்கு மட்டுமா மின்னூலுக்கும் ஒலிநூலுக்குமா, எத்தனை ஆண்டு, எந்தெந்த நாடுகளில், தொகை எவ்வளவு, எத்தனை பிரதிகள் என்பதெல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை 5 ஆண்டாகவே கொள்ளும்; இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். கவிஞர் முன்பே பதிப்பகத்துக்கு உரிமையை எழுதிக்கொடுத்திருந்தால், அனுமதி தர வேண்டியது பதிப்பகம்.

உரிமையை விற்ற பிறகும் கவிஞரிடம் ஒன்று மிஞ்சுகிறது. யாராவது படைப்பைச் சிதைத்து அவருடைய பெயருக்கு இழுக்கு வரச் செய்தால் அவர் வழக்குத் தொடரலாம். பக்கம் மிச்சமாகட்டும் என்று புதுக்கவிதையின் வரிகளை மடக்கி ஒட்டுவதைச் சில தொகுப்புகளில் பார்க்கிறேன். எங்கே வரி முறிய வேண்டும் என்பதும் கவிஞர் யோசித்து எழுதியதுதான். மெய்ப்பை அவருக்கு ஒருமுறை அனுப்பிவிடுவதே முறை.

உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லையா? “தேடியும் கிடைக்கவில்லை, தொடர்புகொள்ளவும்” என்று முன்பக்கத்தில் போடும் குறிப்பு அனுமதி ஆகாது. பத்திரிகையில் அறிவிப்பு கொடுத்து, முறைப்படி விண்ணப்பித்து உரிமம் பெறச் சட்டத்தில் வழி உண்டு. தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 63ஆம் பிரிவு.

தொகுப்பாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பட்டியல் முடிவானதும், தட்டச்சுக்குக் கொடுப்பதற்கு முன் கடிதங்களை அனுப்பிவிடுங்கள். மறுத்தவரின் கவிதையை விட்டுவிடுங்கள். சம்மதித்தவருக்குத் தொகையையும் பிரதியையும், கேட்க வைக்காமல் அனுப்பிவையுங்கள்.