குழந்தைகளின் பாதுகாப்பு: குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டியவை

இரவில் வீட்டுக் கதவைப் பூட்டுகிறோம். கூட்டத்தில் குழந்தையின் கையை இறுகப் பற்றிக்கொள்கிறோம். ‘முன்பின் தெரியாதவர் எதைக் கொடுத்தாலும் வாங்காதே’ என்று சொல்லி வளர்க்கிறோம். இவை யாவும் தேவையானவையே. எனினும், குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களில் ஈடுபடுபவர் பெரும்பாலும் குழந்தைக்கு நன்கு அறிமுகமானவராகவே இருக்கிறார். அவர் உறவினராகவோ, அண்டை வீட்டாராகவோ, பயிற்சி ஆசிரியராகவோ, வாகன ஓட்டுநராகவோ இருக்கலாம். பூட்டிய கதவு இத்தகையவரைத் தடுப்பதில்லை. ‘எது நடந்தாலும் வீட்டில் சொல்லலாம், என்னைத் திட்டமாட்டார்கள்’ என்று குழந்தை நம்புவதே வலிமையான பாதுகாப்பாகும்.

ஒன்றிய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் ஆய்வு நடத்தி, 2007ஆம் ஆண்டு வெளியிட்டது. அதில் பங்கேற்ற குழந்தைகளில் 53 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வகையான பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகத் தெரிவித்தனர். அவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் சிறுவர்கள். பெரும்பாலோர் அதுவரை எவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

வயதுக்கேற்ப என்ன கற்பிக்கலாம்?

மூன்று வயது முதல் உடல் உறுப்புகளின் சரியான பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள். உள்ளாடை மறைக்கும் பகுதிகளைப் பிறர் தொடவோ பார்க்கவோ கூடாது என்பதையும், மருத்துவர் பரிசோதிக்க நேர்ந்தால் பெற்றோர் உடனிருப்பர் என்பதையும் விளக்குங்கள். விருந்தினருக்கு முத்தம் கொடுக்கவோ மடியில் அமரவோ குழந்தை தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். வீட்டிலேயே மதிக்கப்படாத மறுப்பை வெளியில் சொல்லக் குழந்தைக்குத் துணிவு வராது. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று பெரியவர் ஒருவர் கூறினால், அதை உடனே அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல்ல வேண்டும் என்றும் பழக்குங்கள்.

பள்ளி செல்லும் வயதில், பெற்றோரின் பெயரும் தொலைபேசி எண்ணும் குழந்தைக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். ‘அம்மா அழைத்துவரச் சொன்னார்’ என்று யார் வந்தாலும், குடும்பத்தினர் மட்டும் அறிந்த ஓர் அடையாளச் சொல்லைக் கேட்கப் பழக்கலாம். வீட்டில் தனியாக இருப்பதைத் தொலைபேசியிலோ வாசலில் நிற்பவரிடமோ சொல்லக் கூடாது.

திருவிழாவுக்கும் பேருந்து நிலையத்துக்கும் செல்லும்போது குழந்தைக்குத் தங்க நகை அணிவிப்பதைத் தவிர்த்திடுங்கள். நகைக்காகக் குழந்தைகள் தாக்கப்படுவதும் கடத்தப்படுவதும் உண்டு. பெற்றோரின் எண் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் வைக்கலாம். வழி தவறினால் காவலரிடமோ, குழந்தைகளுடன் வந்துள்ள ஒரு பெண்ணிடமோ உதவி கேட்கச் சொல்லிக்கொடுங்கள்.

வளரிளம் பருவத்தினருக்கு ஆபத்து பெரும்பாலும் கைப்பேசி வழியே வருகிறது. படத்தை வெளியிடுவதாக எவரேனும் மிரட்டினால் பணம் கொடுக்கக் கூடாது; செய்திகளை அழிக்கவும் கூடாது. அவையே சான்றுகள். அந்நேரத்தில் கைப்பேசியைப் பறித்துத் தண்டிக்கும் பெற்றோரிடம் பிள்ளை மறுமுறை எதையும் சொல்லாது.

பேச்சு, செவித்திறன் அல்லது அறிவுசார் குறைபாடுள்ள குழந்தைகளால் நடந்ததைச் சொல்ல இயலாமல் போகலாம். அவர்களைப் பராமரிப்போர் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• காரணம் புலப்படாமல் அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி
• நின்றிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் வழக்கம் மீண்டும் தொடங்குதல்
• தூக்கமின்மை, கெட்ட கனவு, பசியின்மை
• குறிப்பிட்ட ஒருவரைக் கண்டதும் அஞ்சுதல். ஓர் இடத்துக்குச் செல்ல மறுத்தல்
• பிறப்புறுப்பில் வலி, காயம், கசிவு. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல்
• படிப்பில் திடீர்ப் பின்னடைவு. தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல்

இவற்றுள் பலவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும். ஆகவே எவர்மீதும் உடனே முடிவுக்கு வர வேண்டாம். அதே நேரம், பரிசோதனையில் நோய் எதுவும் தென்படவில்லை என்பதனால் ‘பள்ளிக்குப் போகாமலிருக்க நடிக்கிறான்’ என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

குழந்தை சொல்லத் தொடங்கினால்

அமைதியாகக் கேளுங்கள். ‘நீ சொல்வதை நம்புகிறேன். உன்மீது தவறில்லை. சொன்னது நல்லது’ என்ற மூன்று வாக்கியங்கள் முதலில் போதும். ‘ஏன் அப்போதே சொல்லவில்லை?’, ‘நீ ஏன் அங்கே போனாய்?’ என்ற கேள்விகள் குழந்தையின் வாயை அடைத்துவிடும். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதீர்கள். குழந்தை கூறிய சொற்களையே மாற்றாமல் குறித்துக்கொள்ளுங்கள். குற்றம் சாட்டப்படுபவரை நேரில் அழைத்துக் குழந்தையின் முன் விசாரிக்க வேண்டாம். குடும்ப மானம் கருதி அடக்கிவிட்டால், அந்நபர் அதே குழந்தையையோ வேறொரு குழந்தையையோ மீண்டும் நெருங்க வழியேற்படும்.

மருத்துவ உதவி: காலம் தாழ்த்தலாகாது

பாலியல் வன்முறை நிகழ்ந்திருந்தால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துவாருங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. தேவைப்படும் சிறுமியருக்குக் கருத்தரிப்பைத் தவிர்க்கும் அவசர மாத்திரையும் விரைந்து அளிக்கப்பட வேண்டும். இயன்றவரை குளிக்கவைக்காமல், உடை மாற்றாமல் அழைத்துவருவது நலம். மாற்றிய உடையைத் துவைக்காமல் காகித உறையில் வைத்துக் கொண்டுவாருங்கள். குளித்துவிட்டாலும், பல நாட்கள் கடந்துவிட்டாலும் வரத் தயங்க வேண்டாம். சிகிச்சையும் மனநல ஆலோசனையும் எப்போதும் உண்டு.

‘மருத்துவமனைக்குச் சென்றால் காவல்துறைக்குத் தெரிந்துவிடும்’ என்று அஞ்சிச் சிலர் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றனர். சட்டப்படி மருத்துவர்களாகிய நாங்கள் தகவல் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்பது உண்மையே. ஆனால் அச்சத்தால் இழக்கும் அந்த 72 மணி நேரத்தை எந்த மருத்துவராலும் மீட்டுத்தர இயலாது.

சட்டம் தரும் பாதுகாப்பு

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012 (போக்சோ), 18 வயது நிறைவடையாத ஆண், பெண் குழந்தைகள் அனைவருக்கும் பொருந்தும்.

• குற்றம் நிகழ்ந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தவறுவது தண்டனைக்குரியது.
• குழந்தையின் வாக்குமூலம் அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அலுவலரால் பதிவுசெய்யப்படும். இரவில் குழந்தையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.
• முதல் தகவல் அறிக்கை பதிவாகாவிட்டாலும் மருத்துவப் பரிசோதனை செய்யலாம். சிறுமியரைப் பெண் மருத்துவரே பரிசோதிப்பார். பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்கலாம்.
• குழந்தையின் பெயர், முகவரி, புகைப்படம், பள்ளி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடக் கூடாது.
• அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் உடனடிச் சிகிச்சையை இலவசமாக அளிக்க வேண்டும்.

குழந்தை காணாமற்போனால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. உடனே காவல் நிலையத்தை அணுகுங்கள். காணாமற்போன குழந்தை குறித்த புகாரை முதல் தகவல் அறிக்கையாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013ஆம் ஆண்டு உத்தரவிட்டுள்ளது.

உதவி எண்கள்

குழந்தைகள் உதவி எண்: 1098
அவசர உதவி: 112
பெண்கள் உதவி எண்: 181
இணையவழிப் பண மோசடி: 1930
மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416

இந்த எண்களைக் குழந்தையின் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டுங்கள். நாள்தோறும் பத்து நிமிடமேனும் கைப்பேசியை ஒதுக்கிவைத்துக் குழந்தையின் பேச்சைக் கேளுங்கள். சிறிய செய்திகளைச் சொல்லிப் பழகிய குழந்தையே, பெரிய துன்பம் நேரும்போதும் உங்களிடம் வந்து சொல்லும்.