புகை எங்கே இறங்கும்?

டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு உயரமான புகைபோக்கி இருக்கும்போது புகை மேலேயே போய்விடாதா என்றுதானே கேட்டீர்கள்? 500 மெகாவாட் அனல்மின் அலகுக்கு 275 மீட்டர் புகைபோக்கி வேண்டும் என்பது நம் நாட்டில் நெடுங்காலம் விதியாக இருந்தது. அந்த உயரம் புகையை ஒழிப்பதில்லை. தரைக்கு வருவதற்குள் அது விரிந்து மெலிய அவகாசம் தருகிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு மெலியும் என்பதைத்தான் காஸியன் மாதிரி என்ற கணித முறை கணக்கிடுகிறது. காற்றோடு நீளும் புகைத்தாரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் அடர்த்தி அதிகம், ஓரம் போகப்போகக் குறைவு. விநாடிக்கு எவ்வளவு வெளியேறுகிறது, காற்றின் வேகம் என்ன, சூட்டினால் புகை இன்னும் எவ்வளவு எழும்பும் என்பதெல்லாம் தெரிய வேண்டும். மற்றவை மாறாமல் காற்றின் வேகம் மட்டும் இரட்டித்தால் அடர்த்தி பாதியாகும்.

தாரை எவ்வளவு அகலமாக விரியும் என்பது வெயிலையும் காற்றையும் பொறுத்தது. 1961-இல் பாஸ்குவில் என்ற பிரிட்டிஷ் வானிலையாளர் இந்தக் காற்று நிலைகளை ஏ முதல் எஃப் வரை ஆறு வகையாகப் பிரித்தார். சுட்டெரிக்கும் நண்பகல் ஏ. காற்று ஓய்ந்த தெளிந்த இரவு எஃப். அப்படிப்பட்ட இரவில் தரை குளிர்ந்துவிடும், அதை ஒட்டிய காற்று மேலெழாது. மேலே இருக்கும் வெப்பக் காற்று பாத்திரத்துக்கு மூடி போட்டதுபோல் அதை அடக்கிவைக்கும். 1984 டிசம்பர் 2 நள்ளிரவையொட்டி போபாலில் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட் வீடுகளுக்குள் புகுந்ததற்கு, அது காற்றைவிடக் கனமான வாயு என்பதோடு அந்தக் குளிர்ந்த இரவும் காரணம்.

அப்படியானால் பகலில் பயமில்லையே என்பீர்கள். எண்ணூர் மாதிரிக் கடற்கரையில் அப்படிச் சொல்ல முடியாது. கடலிலிருந்து வரும் காற்று அலுங்காத காற்று. கரையில் நிற்கும் புகைபோக்கியின் புகை அதில் கலையாமல் உள்நாட்டுப் பக்கம் நகரும். கீழே, வெயிலில் காய்ந்த நிலத்தின் மேல், கொந்தளிக்கும் காற்றடுக்கு ஒன்று கரையிலிருந்து தள்ளத்தள்ள உயர்ந்துகொண்டே போகும். அந்த அடுக்கு புகையைத் தொடும் இடத்தில் அத்தனையும் தரைக்கு இறங்கும். ஆலைக்கு அருகில் காற்று சுத்தமாக இருக்கும்போதே சில கிலோமீட்டர் தள்ளி மூச்சு முட்டலாம்.

எளிய காஸியன் சமன்பாடு வழி நெடுகக் காற்று ஒரே தன்மை என்று வைத்துக்கொள்வதால் இந்த இறக்கம் அதில் வராது. ஆகவே கரையோர ஆலைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் போட்டால் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையின் வண்ணப் படங்களோடு நின்றுவிடாதீர்கள். வானிலைத் தரவை எங்கே, எந்த மாதங்களில் எடுத்தார்கள், கோடைக் கடற்காற்றை எப்படிக் கணக்கில் சேர்த்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.