பேச்சிப்பாறை: அணை ஒன்று, நிர்வாகம் பல... மலைக் குடியிருப்புக்கு ரோடு கேட்டால் யார் தருவார்கள்?

நாகர்கோவில் பக்கம் பேச்சிப்பாறை என்றாலே அணைதான். ஜூன் வந்தால் "தண்ணி திறந்தாச்சா?", மழை வந்தால் "இப்போ எத்தனை அடி?" என்று கேட்பார்கள். ஆனால் அந்தத் தண்ணீருக்கு அக்கரையிலும் மனிதர்கள் வாழ்கிறார்கள். தோட்டமலை போன்ற பழங்குடிக் குடியிருப்புகளுக்கு படகுதான் முக்கிய வழி. ராத்திரி ஒருவருக்குப் பிரசவ வலி வந்தால், ஆம்புலன்ஸுக்கு முன்னால் படகைத் தேட வேண்டும்.

"ஒரு ரோடு போட்டுட வேண்டியதுதானே?" என்று தோன்றுகிறதா? அதற்கு முதலில் இந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டும்.

எங்கே இருக்கிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்தைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது பேச்சிப்பாறை. கோதையாற்றின் குறுக்கே 1897-ல் தொடங்கி 1906-ல் அணையைக் கட்டி முடித்தது திருவிதாங்கூர் சமஸ்தானம். அப்போது மன்னர் மூலம் திருநாள். கட்டிய பொறியாளர் மிஞ்சினின் சமாதி இன்றும் அணைப் பகுதியில் உள்ளது.

அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளோடு சேர்ந்து, மாவட்டத்தின் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் சாகுபடிக்கும் இதுதான் ஆதாரம். திற்பரப்பு அருவியில் விழுவதும் இதே கோதையாறுதான்.

யார் வாழ்கிறார்கள்?

காணிக்காரர் என்ற காணி பழங்குடியினர் இந்த மலையின் பூர்வகுடிகள். தமிழும் மலையாளமும் கலந்த பேச்சு அவர்களுடையது. ஊர்த் தலைவருக்கு 'மூட்டுக்காணி' என்று பெயர். வைத்தியமும் சடங்கும் பார்ப்பவர் 'பிலாத்தி'. இவர்களைத் தவிர, ரப்பர் தோட்டங்களை நம்பி வாழும் தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அரசு ரப்பர் கழகத் தொழிலாளர்களில் பலர் இலங்கையில் இருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தினர்.

யாருடைய நிர்வாகம்?

இங்கேதான் சிக்கல். ஊர் என்ற வகையில் இது பேச்சிப்பாறை ஊராட்சி, திருவட்டார் ஒன்றியம். ஆனால் அணையும் நீர்ப்பரப்பும் நீர்வளத்துறையிடம். சுற்றியுள்ள காடு வனத்துறையிடம். ரப்பர் தோட்டங்கள் பல, 1984-ல் உருவான அரசு ரப்பர் கழகத்திடம். மேலே கோதையாறு நீர்மின் நிலையம் மின் வாரியத்திடம்.

அதாவது, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஊராட்சித் தலைவரால் காட்டுக்குள் நினைத்த இடத்தில் ஒரு லோடு ஜல்லிகூட கொட்ட முடியாது. நிலம் ஊராட்சியுடையது அல்ல.

ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் போன்ற மாநிலங்களில் பழங்குடிப் பகுதிகள் அரசியலமைப்பின் ஐந்தாவது அட்டவணையில் வருகின்றன. அங்கே கிராம சபைகளுக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996-ம் ஆண்டின் 'பெசா' சட்டம் பொருந்தும். தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் கிடையாது. அதனால் இங்குள்ள காணி மக்களுக்கு அந்தச் சட்டம் உதவாது.

அப்போ வழியே இல்லையா?

இருக்கு. வன உரிமைச் சட்டம், 2006. இதன் 3(2) பிரிவு, காட்டு நிலத்தில் 13 வகை வசதிகளை அனுமதிக்கிறது. சாலை, பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி எல்லாம் அதில் அடக்கம்.

நிபந்தனைகள் மூன்று:

* ஒவ்வொரு பணிக்கும் எடுக்கும் நிலம் 1 ஹெக்டேருக்குக் குறைவாக, அதாவது சுமார் இரண்டரை ஏக்கருக்குள் இருக்க வேண்டும்.
* ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது.
* கிராம சபை பரிந்துரைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் முக்கியம். கோப்பு நகரத் தொடங்குவதே மக்கள் கூடிப் போடும் தீர்மானத்தில் இருந்துதான். வன உரிமை விஷயங்களுக்கான கிராம சபையில் பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். அதன் பிறகு கோப்பு மாவட்ட வன அலுவலரிடம் போகும்.

பாதை கொஞ்சம் நீளமானால் 1 ஹெக்டேர் போதாது. 3 மீட்டர் அகலச் சாலை என்றால்கூட, சுமார் 3.3 கி.மீ. தூரத்திலேயே அந்த அளவு முடிந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் வனப் பாதுகாப்புச் சட்டத்தின் நீண்ட நடைமுறைக்குப் போக வேண்டும். வன உயிரினச் சரணாலயத்துக்குள் வரும் இடம் என்றால், 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் குறுக்கே நிற்கும்.

இந்தக் கட்டுப்பாடுகளுக்குக் காரணமும் இருக்கிறது. காடு போனால் கோதையாற்றில் நீர் குறையும். அது நாஞ்சில் நாட்டு வயல்களையும் பாதிக்கும். ஆனால் அந்தக் காட்டோடு காலங்காலமாக வாழ்பவர்களே, தங்கள் குழந்தை பள்ளிக்குப் போக படகுக்குக் காத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நவம்பர் 1-ல் என்ன?

1956-ல் குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாள் நவம்பர் 1. இப்போது அதே நாள் உள்ளாட்சி தினம். தமிழ்நாடு முழுக்க கிராம சபை கூடும் நாள்களில் ஒன்று. அன்று பேச்சிப்பாறையில் இருந்து ஒரு தீர்மானம் வந்தால், கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பவர்களும் அதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.