கனம் எங்கே இருக்கிறது

ஆடி மாதத்து ஐந்தாம் வெள்ளி, புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் தேர். செங்கழுநீர் அம்மன் தேருக்குப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் தொட்டுத் தொடங்கிவைப்பார். இன்று துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் அந்த வழக்கத்தைத் தொடர்கிறார்கள். கூட்டத்தில் நிற்கும் யாருக்கும் கண் முதலில் போவது உச்சிக் கலசத்துக்குத்தான். அவ்வளவு உயரம். வடம் பிடிக்கும் கைகளோ ஆளுக்கொரு வேகத்தில் இழுக்கின்றன. தேர் ஆடுகிறது, அசைகிறது, ஆனால் சாய்வதில்லை. ஏன் என்று அறியக் கண்ணைக் கீழே இறக்க வேண்டும். நம் ஊர்த் தேர்களில் மேலே நாம் அண்ணாந்து பார்ப்பதெல்லாம் மூங்கில், சீலை, தொம்பை. கனத்த மரமெல்லாம் அடித்தட்டிலும் அச்சிலும் சக்கரத்திலும் இருக்கிறது.

இந்தத் தேரை மனத்தில் நிறுத்திக்கொண்டு, இந்த ஊரில் யாரும் கையில் எடுக்காத ஒரு பொருளைப் பார்ப்போம். அது கோல்ஃப் ஆடுபவரின் பையில் இருக்கும் ஹைப்ரிட் மட்டை. ஆங்கிலேயர்கள் போன இடமெல்லாம் கோல்ஃபையும் கொண்டுபோனார்கள். கல்கத்தாவில் 1829லேயே கிளப் தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அதைவிடப் பழைய கோல்ஃப் கிளப் கிடையாது. புதுச்சேரிக்கு வந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அதனால் இங்கே நிலைத்தது இரும்புக் குண்டை எறிந்து ஆடும் பெத்தாங்க். அதிலும் குண்டின் எடை 650 கிராமிலிருந்து 800 கிராம் வரை இருக்கலாம் என்று விதி உண்டு. குறிக்கு அருகே நிறுத்துபவர் ஒரு குண்டு கேட்பார், எதிராளியின் குண்டை அடித்துத் தெறிக்கவிடுபவர் வேறொன்று கேட்பார், இரண்டும் செய்ய வேண்டிய நடு ஆட்டக்காரர் இடைப்பட்ட ஒன்றைக் கேட்பார். அந்த நடு ஆட்டக்காரரின் தேவை போன்ற ஒன்றுதான் கோல்ஃபில் ஹைப்ரிட்டாக வடிவெடுத்தது.

கோல்ஃப் மட்டைகளில் பழைய குடும்பங்கள் இரண்டு. ஒன்று இரும்பு, அயர்ன் என்பார்கள். தட்டையான தகடு போன்ற தலை. இன்னொன்று வுட். ஒரு காலத்தில் மரக்கட்டையில் கடைந்தார்கள். 1979க்குப் பிறகு உலோகத்துக்கு மாறியும் பெயர் மட்டும் மரமாகவே இருக்கிறது. இதன் தலை பருத்து, பின்பக்கம் நீண்டிருக்கும். இரும்பு குறி பார்த்து அடிக்க, வுட் தூரத்துக்கு. இரண்டுக்கும் நடுவே, 180 முதல் 200 கஜம் வரை பந்தை அனுப்ப வேண்டிய இடத்தில், நீண்ட பிடித்தண்டும் நிமிர்ந்த முகமும் கொண்ட மூன்றாம் எண், நான்காம் எண் இரும்புகள் இருந்தன. வார இறுதியில் மட்டும் ஆடுபவர்கள் அவற்றைக் கண்டு அஞ்சினார்கள்.

அஞ்சியதில் தவறே இல்லை. பந்து மட்டையின் முகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய அரை மில்லி விநாடி. ஒரு விநாடியை இரண்டாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு. அதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பந்து எந்தக் கோணத்தில் கிளம்பும், எவ்வளவு வேகமாகப் பின்னோக்கிச் சுழலும் என்பதெல்லாம் அங்கேயே முடிவாகிவிடும். அந்தப் பின்சுழற்சிதான் பந்தை அந்தரத்தில் தாங்கிப் பிடிக்கிறது. சுழலும் பந்து தன்னைச் சுற்றிய காற்றைக் கீழ்நோக்கித் திருப்பிவிடுகிறது. பதிலுக்குக் காற்று பந்தை மேலே தள்ளுகிறது. வேகமாக வீசத் தெரிந்தவர் கையில் மூன்றாம் எண் இரும்பும் பந்தை உயர்த்தும். வேகம் குறைந்தவர் அடித்தால் பந்து தாழ்வாகவே பறந்து, கிரீன் என்னும் வழவழப்பான புல்தரையில் விழுந்து, நிற்காமல் மறுபக்கம் ஓடிவிடும். உயரே போய்ச் செங்குத்தாக இறங்கும் பந்துதான் விழுந்த இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும்.

எனக்கு வியப்பாக இருப்பது இதற்குப் பிறகு வருகிறது. மூன்றாம் எண் இரும்பின் முகச் சாய்வு 20 பாகையை ஒட்டி இருக்கும். அதற்குப் பதிலாக வரும் ஹைப்ரிட்டின் சாய்வும் ஏறக்குறைய அதேதான். அதே ஆள், அதே வீச்சு, அதே சாய்வு. ஆனாலும் ஹைப்ரிட்டில் அடித்த பந்து உயரமாகப் போகிறது.

மாறியிருப்பது கனம் இருக்கும் இடம். இரும்பின் தலையை வெட்டிப் பார்த்தால் அதன் ஈர்ப்பு மையம் முகத்துக்கு ஒட்டினாற்போலப் பின்னால் இருக்கும்; தகட்டில் வேறு எங்கே இருக்க முடியும்? ஹைப்ரிட்டின் தலை உள்ளே வெற்றாக, வுட் போலப் பின்னோக்கிச் சற்றுப் பருத்திருக்கும். மேல்மூடியை எவ்வளவு மெலிதாக்க முடியுமோ அவ்வளவு மெலிதாக்குகிறார்கள். அங்கே மிச்சமான எடையை அடிப்பாகத்தில், பின்பக்கமாகக் கொண்டுபோய் வைக்கிறார்கள். சிலர் அடியில் டங்ஸ்டன் துண்டும் பதிக்கிறார்கள். எஃகின் அடர்த்தி நீரைப்போல எட்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு, ஈயம் பதினொரு மடங்குக்கு மேல், டங்ஸ்டன் பத்தொன்பது மடங்குக்கு மேல். சின்ன இடத்தில் பெரிய கனம். மேலே மூங்கிலும் சீலையும், கீழே கனத்த மரமும் வைத்த தேரின் கணக்கு உள்ளங்கைக்குள் அடங்கும் தலையில் திரும்பி வருகிறது.

ஈர்ப்பு மையம் கீழே இருந்தால் பந்து அதற்கு மேலே மோதும். மோதிய கணத்தில் தலை பின்னோக்கி ஒரு நூல் மல்லாந்து கொடுக்கும், முகம் கொஞ்சம் வானம் பார்க்கும், பந்து மேலெழும். கனம் பின்னால் இருப்பதால் இன்னொன்றும் நடக்கிறது. கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் கல், கை இழுக்கும் நேர்க்கோட்டுக்கு வந்து நிற்கப் பார்க்கும் அல்லவா? வீச்சின் வேகத்தில் மட்டைத் தலையின் ஈர்ப்பு மையமும் அந்தக் கோட்டுக்கு வரத் துடிக்கிறது. அது பிடித்தண்டுக்குப் பின்னால் இருப்பதால், வரும் வழியில் தண்டை முன்பக்கமாக வளைத்துவிடுகிறது. பந்தைத் தொடும் கணத்தில் முகத்தின் சாய்வு செதுக்கிய அளவைவிடக் கூடியிருக்கும். 20 பாகை என்று பொறித்த மட்டை ஆடும்போது 20 பாகையாக இருப்பதில்லை.

உயரம் கிடைத்தாயிற்று. ஆனால் ஆடுபவர்கள் ஹைப்ரிட்டிடம் இன்னொன்றையும் எதிர்பார்க்கிறார்கள், அதுவே எனக்கு அருமையானதாகப் படுகிறது. முகத்தின் சரியான நடுவில் பந்து படாவிட்டாலும் பெரிய நஷ்டம் வரக்கூடாது. பிழையைப் பொறுத்துக்கொள்ளும் மட்டை வேண்டும்.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் வீச்சு வலை எறிபவரைப் பார்த்து நின்றால் இது விளங்கிவிடும். கையில் இருக்கும்போது அது சுருட்டிய நூல்தான். இடுப்பைத் திருப்பி வீசியதும் அந்தரத்தில் வட்டமாக விரிகிறது. விரிக்கும் வேலையைச் செய்பவை விளிம்பைச் சுற்றிக் கோத்த ஈய மணிகள். சுழலும் வலையில் கனம் ஓரத்தில் இருப்பதால் மணிகள் வெளிநோக்கி ஓடி வலையை இழுத்துத் திறக்கின்றன. அத்தனை ஈயத்தையும் நடுவில் கட்டியிருந்தால் வலை மூட்டையாக விழும். அந்தச் சுழற்சிக்கு ஒரு பிடிவாதமும் உண்டு. கனம் ஓரத்துக்குப் போகப்போகச் சுழற்றத் தொடங்குவது கடினம், தொடங்கிய சுழற்சியைக் குலைப்பதும் கடினம். இயற்பியலில் இதற்கு நிலைமத் திருப்புத்திறன் என்று பெயர். தோளில் காவுதடி சுமந்தவர்களுக்குப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. இரு முனையிலும் கூடை தொங்கும்போது சட்டெனத் திரும்ப முடியாது. அதே பாரத்தைத் தலையில் வைத்தால் நொடியில் திரும்பிவிடலாம்.

மட்டையில் பந்து நுனிப்பக்கமாகப் பட்டால் தலை அந்தப் பக்கம் முறுக்கிக்கொள்ளும். முகம் கோணும், அடியின் சக்தி முறுக்கலில் வீணாகும். கனத்தை நடுவிலிருந்து விலக்கி ஓரங்களுக்கும் பின்பக்கத்துக்கும் கொண்டுபோனால் தலை அவ்வளவு எளிதில் முறுக்காது. 1959இல் மட்டை வடிவமைப்பாளர் கார்ஸ்டன் சோல்ஹைம் இதே எண்ணத்தோடுதான் பந்தை உருட்டும் புட்டர் மட்டையின் எடையை இரு ஓரங்களுக்குப் பிரித்தார். பின்னர் இரும்பு மட்டைகளுக்கும் அதைச் செய்தார். ஹைப்ரிட்டில் ஓரத்தோடு ஆழமும் சேர்ந்தது. கனம் ஆழத்தில் இருப்பதால், நுனியில் பந்து பட்டுத் தலை முறுக்கும்போது முகம் பக்கவாட்டில் நகர்ந்து பந்தை உரசுகிறது. இரண்டு பல்சக்கரங்கள் ஒன்றையொன்று எதிர்த்திசையில் சுற்றுவதுபோலப் பந்துக்கு ஒரு பக்கச்சுழற்சி கிடைக்கிறது. வலக்கைக்காரர் நுனியில் அடித்த பந்து வலப்புறம் கிளம்பி, வளைந்து வளைந்து நடுவை நோக்கித் திரும்பி வரும். தவறும் அதன் திருத்தமும் ஒரே அரை மில்லி விநாடியில் நடந்து முடிகின்றன. முகத்தைச் சற்றே குவிந்த வளைவாகச் செய்வதும் இந்தக் கணக்குக்காகத்தான்.

வீராம்பட்டினத்து மணலைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. இந்தக் கரையோரம் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துபோகும் மணல் அங்கே தடைபட்டது. வடக்கே நகரத்துக் கடற்கரை மணலை இழந்து கருங்கல் அடுக்கானது. தெற்கே வீராம்பட்டினத்தின் பக்கம் மணல் சேர்ந்தது. கோல்ஃபும் இப்படிப்பட்ட மணல்வெளியில் பிறந்த ஆட்டம்தான். ஸ்காட்லாந்தில் கடலுக்கும் விளைநிலத்துக்கும் இடையே, உழவுக்கு உதவாத மணல்மேடுகளில் ஆடித் தொடங்கினார்கள். இன்று உலகெங்கும் செயற்கையாக வெட்டிவைக்கும் பங்கர் குழிகள் அந்தக் கடற்கரையின் நினைவு.

அப்படிப்பட்ட தரையிலும், ரஃப் எனப்படும் உயர்ந்த புல்லிலும் இரும்பு மட்டை திணறும். புல் அதன் கழுத்தைச் சுற்றிக்கொண்டு முகத்தைத் திருப்பிவிடும். கூர்விளிம்பு மண்ணைத் தோண்டும். உருண்ட அடிப்பாகம் கொண்ட தலை புல்லை விலக்கிக்கொண்டு வழுக்கிப் போகும். 1975இல் தாமஸ் க்ரோ வடிவமைத்த பாஃப்லர் என்ற மட்டையின் அடியில் தண்டவாளம்போல இரண்டு மேடுகள் இருந்தன. வழுக்கிச் செல்வதற்காகவே அவை. ஹைப்ரிட்டின் பாட்டன் என்று அதைச் சொல்லலாம்.

2000களின் தொடக்கத்தில் ஹைப்ரிட் பரவியபோது, இது முதியோருக்கும் புதியோருக்கும் என்று பலர் நினைத்தார்கள். அந்த எண்ணத்தைக் கலைத்தது மீண்டும் ஒரு மணற்கரை. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் ராயல் ட்ரூன், 2004 ஓப்பன் சாம்பியன்ஷிப். டாட் ஹாமில்டனும் எர்னி எல்ஸும் சமமாக முடித்து நான்கு குழிக் கூடுதல் ஆட்டம் ஆடினார்கள். கடைசிக் குழியில் ஹாமில்டன் கிரீனுக்கு வெளியிலிருந்து ஹைப்ரிட்டை எடுத்துப் பந்தைத் தரையோடு தட்டி உருட்டினார். அது குழிக்குப் பக்கத்தில் போய் நின்றது, கோப்பை அவருடையது. உயரே தூக்குவதற்காகச் செய்த மட்டை தரையில் உருட்டவும் உதவியது.

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஹேஸல்டைனில் நடந்தது இன்னும் பெரிய செய்தி. கொரியாவின் ஜெஜு தீவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த யாங் யோங்-உன், பத்தொன்பது வயதில் கோல்ஃப் பயிற்சித் திடலில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே பார்த்துப் பார்த்து ஆட்டம் கற்றவர். பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பின் கடைசிக் குழியில் அவர் டைகர் வுட்ஸைவிட ஓர் அடி முன்னிலையில் இருந்தார். அதுவரை பெரும் போட்டிகளில் மூன்று நாள் ஆட்டம் முடிந்து முன்னிலையில் இருந்த பதினான்கு முறையும் வுட்ஸ் வென்றிருந்தார். கொடி 206 கஜம் தள்ளி, 188 மீட்டர். வழியில் மரம். யாங் எடுத்தது ஹைப்ரிட். பந்து உயர்ந்து, மரத்தைத் தாண்டி, குழிக்குச் சில அடி தூரத்தில் அடங்கியது. ஆண்களின் பெரும் போட்டி ஒன்றை ஆசியாவில் பிறந்தவர் வென்றது அதுவே முதல் முறை. அந்த அடியைக் காணொளியில் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

நமக்கு இன்னும் அருகே அதிதி அசோக் இருக்கிறார். பெங்களூர்க்காரர். 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக்கில் நான்காம் இடம், பதக்கத்துக்கு ஒரே ஓர் அடி குறைவு. அங்கே ஆடியவர்களில் முதல் அடியை மிகக் குறைந்த தூரம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். முதல் அடி குறைந்தால் இரண்டாம் அடிக்கு மிச்சமிருக்கும் தூரம் கூடும். மற்றவர்கள் சிறிய இரும்பில் முடிக்கும் இடத்தில் நீளமான மட்டை எடுக்க வேண்டும். தோள் வலிமையில் பின்தங்கியவரும் உயரமான, மெத்தென்று இறங்கும் பந்தை அடிக்கலாம் என்றால் அதற்குக் கனத்தைக் கீழே இறக்கிவைத்த இத்தகைய மட்டைகள் வேண்டும்.

ஆனால் ஹைப்ரிட்டை எல்லோரும் ஒரே மனத்தோடு ஏற்கவில்லை. கைதேர்ந்தவர்களுக்கு அதில் ஒரு பயம், பந்து இடப்புறமாக மடங்கி ஓடிவிடும் என்பது. புதிதாக ஆடுபவரின் பந்து பெரும்பாலும் வலப்புறம் நழுவும். அதைத் தடுக்கவே பல ஹைப்ரிட்களில் கனத்தைத் தண்டையொட்டிய குதிகால் பக்கம் சற்றுக் கூட்டி, முகம் எளிதில் இடப்புறம் திரும்பி மூடும்படி செய்திருக்கிறார்கள். ஏற்கெனவே நன்றாக மூடத் தெரிந்தவர் கையில் அதே உதவி உபத்திரவமாகிறது. பையில் இடமும் ஒரு கேள்வி. முன்பு இருபதுக்கும் மேற்பட்ட மட்டைகளைக் கேடியின் தோளில் ஏற்றியவர்கள் இருந்தார்கள். 1938இல் அமெரிக்காவும் 1939இல் ஸ்காட்லாந்தின் ஆர் அண்ட் ஏ சங்கமும் 14க்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தன. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும்.

ஒன்றைப் பெற இன்னொன்றை விடுவது இங்கும் நடந்தது. இக்கரையில் கட்டுமரம் போய் ஃபைபர் படகு வந்தபோது, குறிப்பாக 2004 சுனாமிக்குப் பிறகு, அது கட்டுமரத்தைப்போல அலையைக் கடந்து மணலில் ஏற வேண்டும், தோணியைப்போல வலையும் மீனும் கொள்ள வேண்டும் என்றுதான் மீனவர்கள் கேட்டார்கள். கட்டுமரத்தின் எளிமையை இழக்க வேண்டியிருந்தது.

ஆற்றங்கரையில் வலை காயவைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம், எதற்கு மணிகளை எண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். “ஒரு பக்கம் ஈயம் உதுந்துட்டா வலை கோணிக்கும் தம்பி, வட்டம் வராது” என்றார். உதிர்ந்த இடத்தில் புது மணியை வைத்துப் பல்லால் நூலை இறுக்கினார். ஹைப்ரிட் இடப்புறம் இழுக்கிறது என்று வருந்தும் ஆட்டக்காரர்களும் பட்டறைக்குப் போகும் முன் இதையே செய்கிறார்கள்: ஒட்டும் ஈய நாடாவில் விரற்கடை அளவு கத்தரித்து, தலையின் நுனிப்பக்கம் ஒட்டி, இரண்டு பந்து அடித்துப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் ஒட்டுகிறார்கள்.